மெழுகுப் பூக்கொடிக்கு ஈரக் காற்று எவ்வளவு வேண்டும்?

வீட்டுக்குள் ஒரு தோட்டம்



இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஓர் இளம் தாய் எழுதியிருக்கிறார். நர்சரியில் ஒரு ஹோயா கொடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினாராம். படுக்கையறை ஜன்னலில் தொட்டியோடு தொங்கவிட்டார். இரண்டு மாதத்தில் இலைகள் வாடி, சுருக்கம் விழுந்துவிட்டன. "காற்றில் ஈரம் போதவில்லை, அதனால்தான்" என்று யாரோ சொல்ல, நீராவி மாதிரிப் புகை விடும் கருவி ஒன்றை வாங்கி, ராத்திரி முழுக்க ஓட விட்டிருக்கிறார். ஏ.சி.யும் ஓடுகிறது. இப்போது நிலைமை என்ன? இலைச் சுருக்கம் போகவில்லை. தொட்டில் பக்கத்துச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் கிளம்பிவிட்டன. பத்து மாதக் குழந்தை இரவில் இருமுகிறது. "கொடி வேணுமா, குழந்தை வேணுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?" என்று முடித்திருக்கிறார்.

இரண்டுமே வேண்டும், தங்கச்சி. ஆனால் இரண்டும் ஒரே அறையில் வேண்டாம். குழந்தையின் இருமலை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அதைச் செடிப் பத்தியில் தீர்க்க முடியாது. புகை விடும் கருவியை இன்று ராத்திரியே நிறுத்திவிடுங்கள். ஏன் என்பதை மற்ற வாசகியருக்கும் சேர்த்து விளக்குகிறேன். இதே சந்தேகத்தோடு வேறு பலரும் எழுதியிருக்கிறீர்கள்.

எருக்குக்கு உறவு!

ஹோயாவை மெழுகுப் பூக்கொடி என்று சொல்வதுண்டு. பூவைத் தொட்டுப் பார்த்தால் மெழுகில் வார்த்து எடுத்தது போல இருக்கும். சின்னச் சின்ன நட்சத்திரங்கள் இருபது முப்பது சேர்ந்து, குடை கவிழ்த்தாற்போல ஒரு கொத்தாகத் தொங்கும். அந்தப் பூவை உற்றுப் பாருங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுகிறோமே, எருக்கம்பூ, அதன் நடுவில் இருக்கும் கிரீடம் போன்ற அமைப்பு இதிலும் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கிள்ளினால் எருக்கு மாதிரியே பால் வரும். ஆகவே கொடியை வெட்டினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை கண்ணில் கை வைத்துவிடக் கூடாது.

இந்தச் செடிக்கு ஹோயா என்று 1810ஆம் ஆண்டில் பெயர் வைத்தவர் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியல் அறிஞர். இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த தாமஸ் ஹோய் என்பவரை நினைத்து அப்படி வைத்தார். பெயர் சீமைப் பெயரே தவிர, கொடி ஆசியாவைச் சேர்ந்தது. 500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நமது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் சில வகைகள் மரத்தில் தொற்றி வளர்கின்றன. நர்சரியில் அதிகமாகக் கிடைக்கும் 'கார்னோசா' வகை, தென் சீனா, தைவான், ஜப்பானின் தென் பகுதித் தீவுகள் ஆகிய இடங்களுக்கு உரியது.

'மரத்தில் தொற்றி வளரும்' என்று சொன்னேனே, அதுதான் முக்கியம். காட்டில் இந்தக் கொடி பெரும்பாலும் மரப்பட்டையின் இடுக்கில், மக்கிய சருகில் வேர் விட்டு நிற்கும். மழை பெய்தால் வேர் நனையும். உடனே காற்றில் உலர்ந்தும் போகும். நாலு நாள் மழை இல்லாவிட்டால் தாங்க வேண்டுமே! அதற்காகத்தான் தடித்த இலையில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, மேலே மெழுகும் பூசிக்கொண்டிருக்கிறது. கற்றாழையைப் போல ஓரளவு சிக்கனக்காரி. இப்படிப்பட்ட செடி, காற்றில் ஈரம் கொஞ்சம் குறைந்தது என்பதற்காக உடனே இலை சுருங்கிப் போகாது.

அப்படியானால் இலை ஏன் சுருங்குகிறது? காரணம் வேரில் இருக்கிறது. தொட்டி மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்து கட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. நன்றாக ஊற்றினால் இரண்டு மூன்று நாளில் இலை நிமிர்ந்துவிடும். மண் சொதசொதவென்று இருந்தும் இலை சுருங்கியிருந்தால், வேர் அழுகிவிட்டது. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் உறிஞ்ச வேரில்லை. இந்த நிலையில் காற்றில் எவ்வளவு ஈரத்தைக் கூட்டினாலும் அழுகிய வேர் திரும்ப வராது. நம் வாசகி, கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன என்றும் எழுதியிருக்கிறார். அதனால் அவர் செடிக்கு இரண்டாவது வியாதிதான் என்று நினைக்கிறேன். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாகி, கைபட்டால் தோல் உரியும்.

காற்றில் ஈரம் என்றால் என்ன?

'காற்றின் ஈரப்பதம் 70 சதவிகிதம்' என்று வானிலைச் செய்தியில் சொல்கிறார்களே, காற்றில் 70 பங்கு தண்ணீர் என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு நீராவியை அதிகபட்சம் தாங்குமோ, அதில் 70 பங்கு இருக்கிறது என்றுதான் பொருள். காற்றை ஒரு டம்ளராக நினைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற டம்ளர் பெரிதாகும்; குளிரக் குளிரச் சிறிதாகும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 30 கிராம் தண்ணீரை ஆவியாக வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் 23 கிராம். 20 டிகிரியில் 17 கிராம்தான்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்க்கிறது அல்லவா? சொம்பை ஒட்டிய காற்று குளிர்ந்து, அந்தச் சின்ன டம்ளர் தாங்காமல் வழிகிற தண்ணீர்தான் அது. ஏ.சி. பெட்டிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. குளிர்ந்த குழாய்களின் மேல் காற்று பட்டு, ஈரம் தண்ணீராகி, குழாய் வழியாக வெளியே சொட்டுகிறது. புழுக்கமான நாளில் ஓர் இரவில் சில லிட்டர் தண்ணீர் இப்படி வெளியே போய்விடும்.

இப்போது நம் வாசகியின் அறையைப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. 25 டிகிரியில் அந்த அறைக் காற்றின் ஈரத்தை 50 சதவிகிதத்திலிருந்து 60 ஆக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் தெரியுமா? கணக்குப் போட்டால் 80 கிராம் கூட வராது. ஒரு டம்ளரில் பாதிதான்! தூங்குகிற பெரியவர் ஒருவரின் மூச்சும் வியர்வையுமே ராத்திரியில் கால் லிட்டருக்கு மேல் ஈரத்தை அறைக்குள் சேர்த்துவிடும். இதற்கு மேல் ஒரு கருவி வேறு லிட்டர் கணக்கில் கக்கினால்? ஒரு பக்கம் கருவி தண்ணீரை ஊற்றுகிறது. இன்னொரு பக்கம் ஏ.சி. அதை வழித்து வெளியே கொட்டுகிறது. கரண்ட் பில் இரண்டுக்கும் சேர்த்து வருகிறது. ஏ.சி. வழித்தது போக மிஞ்சிய ஈரம் எங்கே போகும்? அறையின் குளிர்ந்த மூலைகளில், பீரோவுக்குப் பின்னால், தொட்டிலை ஒட்டிய சுவரில் படிந்து பூஞ்சணமாகிவிடும்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஏ.சி. போட்ட அறையிலும் பெரும்பாலும் 50 முதல் 60 சதவிகிதம் ஈரம் இருக்கும். ஹோயாவுக்கு அது தாராளம். 'ஏ.சி. அறை என்றாலே பாலைவனம்' என்று பயப்பட வேண்டாம்.

ராத்திரியில் திறக்கும் இலை

ஏ.சி.க்கும் ஹோயாவுக்கும் தகராறே இல்லை என்று சொல்லவில்லை. உண்டு. அது வேறு விதம்.

சாதாரணச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து வைத்து, காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். மெழுகுப் பூக்கொடியின் வழக்கம் தலைகீழ். பகல் வெயிலில் தண்ணீர் வீணாகாமல் துளைகளை மூடி வைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கும். சப்பாத்திக் கள்ளியும் அன்னாசியும் செய்கிற அதே வேலை. ஆகவே, இந்தச் செடிக்கு ராத்திரிக் காற்று எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். நாமோ சரியாக ராத்திரியில்தான் ஏ.சி. போடுகிறோம்! அறைக் காற்று பரவாயில்லை, ஏ.சி. வாயிலிருந்து நேராக வரும் குளிர்ந்த காற்று இலையின் மேல் எட்டு மணி நேரம் வீசினால் கொடி வாடும், மொட்டு உதிரும்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. 'ராத்திரியில் செடி பிராண வாயுவை எடுத்துக்கொள்ளுமே, படுக்கையறையில் வைக்கலாமா?' என்று. புளியமரத்தடியில் தூங்காதே என்று பாட்டி சொன்னதன் எச்சம் இது. ஒரு தொட்டிச் செடி எடுத்துக்கொள்வது, பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் எடுத்துக்கொள்வதில் ஒரு துளிதான். அதனால் ஆபத்தில்லை. ஆனால் ஹோயா பூத்தால் சாயங்காலத்திலிருந்து வாசனை தூக்கும். மூடிய அறையில் சிலருக்குத் தலைவலி வரும். பூவிலிருந்து தேன் சொட்டும். எறும்பு தேடி வரும். கைக்குழந்தை படுக்கும் இடத்துக்கு மேலே இந்தக் கொடி வேண்டவே வேண்டாம்.

உப்பு ஜாடியே சாட்சி

ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன மீட்டர் இப்போது சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. வாங்கினால் நல்லது. ஆனால் மலிவு மீட்டரை அப்படியே நம்பிவிடாதீர்கள். நம் சமையலறையிலேயே அதைச் சோதிக்க வழியிருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக் கூடாது. ஈர மணல் மாதிரி இருந்தால் போதும். மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து, அறையில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் மீட்டர் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் ஐந்து குறைத்துச் சொல்கிறது. எப்போதும் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு அப்பளமும் உப்பும் இருக்கின்றன. பொரித்த அப்பளம் தட்டில் வைத்த பத்து நிமிஷத்தில் நமுத்துப் போகிறதா? தூள் உப்பு ஜாடியில் கசிகிறதா? காற்றில் ஈரம் 75 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. கல்லுப்பில் வேறு உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமே கசியும்.

அளவு என்ன? மனிதர்கள் வசிக்கும் அறையில் 60 சதவிகிதத்துக்குள் வைத்திருப்பது நல்லது. அதற்கு மேல் நீடித்தால் சுவரிலும் துணியிலும் பூஞ்சணம் பிடிக்கும். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சிகள் காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் பெருகுகின்றன. இளைப்பு, ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இவை இரண்டும் ஆகாது. மெழுகுப் பூக்கொடிக்கு 50இலிருந்து 60 போதும்; 40 வரை பொறுத்துக்கொள்ளும்; 70 கிடைத்தால் குஷியாகத் தழைக்கும். ஆக, செடிக்கும் குழந்தைக்கும் பொதுவான அளவு 50 முதல் 60. அதைத் தாண்டி ஈரம் வேண்டுமென்றால், அதைச் செடிக்கு மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டுமே தவிர, அறைக்குக் கொடுக்கக் கூடாது.

எங்கே வைப்பது?

அடுக்குமாடி வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் துணி துவைத்து உலர்த்தும் சின்ன பால்கனி ஒன்று இருக்கும். வீட்டிலேயே மட்டமான இடம் என்று அதைத்தான் நினைப்போம். ஹோயாவுக்கு அதுவே மாளிகை! வெளிச்சம் இருக்கிறது. காற்று ஓடுகிறது. உலரும் துணியிலிருந்து ஈரம் தினமும் கிடைக்கிறது. கிழக்குப் பார்த்ததாக இருந்தால் காலை வெயில் இரண்டு மணி நேரம் பட்டாலும் நல்லதே. உச்சி வெயில் மட்டும் நேராகப் படக் கூடாது, இலை வெளிறிவிடும்.

குளியலறையில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஈரம் உண்டு, வெளிச்சம் கிடையாது. வெளிச்சமில்லாத ஹோயா இலையோடு நின்றுவிடும், பூக்காது. ஹாலில் ஜன்னலோரம் வைக்கலாம், ஏ.சி. காற்றோ, மின்விசிறிக் காற்றோ நேராகப் படாத மூலையாகப் பாருங்கள்.

நாலைந்து தொட்டிகளை நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு செடியும் விடும் ஈரம் மற்றதற்கு உதவும். மணிபிளான்ட், பெரணி போன்ற மெல்லிய இலைச் செடிகளுக்கு நடுவில் ஹோயாவை வைத்தால், செலவில்லாமல் அதைச் சுற்றி மட்டும் ஈரம் கூடும். இலைகளுக்கிடையே காற்றுப் போக இடம் விடுங்கள்.

தண்ணீரைப் பீய்ச்சுவதைப் பற்றி: பீய்ச்சிய ஈரம் சில நிமிஷங்களில் போய்விடும். தூசு கழுவ உதவும், அவ்வளவுதான். பீய்ச்சினால் காலையில் பீய்ச்சுங்கள். சாயங்காலம் பீய்ச்சி, ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சைப் புள்ளி விழும். மொட்டும் பூவும் இருக்கும்போது அவற்றின் மேல் வேண்டாம். போர் தண்ணீர் பீய்ச்சினால் இலையில் வெள்ளைத் திட்டு படியும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லாததால் செடிக்கு ஊற்ற நல்லது. குடிக்கவோ, புகைக் கருவியில் ஊற்றவோ அது ஆகாது. அதைப் பிடிக்கும் வாளியைத் தினமும் காலி செய்துவிடுங்கள். காரணம் அடுத்தாற்போல் வருகிறது.

கூழாங்கல் தட்டில் ஒளிந்திருக்கும் ஆபத்து

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, கூழாங்கல் பரப்பி, தண்ணீர் ஊற்றி வைத்தால் ஈரம் கூடும் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் போட்டிருக்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிக் காய்ந்து போகும் நாடுகளுக்கு எழுதியது அது. அங்கேயும் தட்டுக்குச் சற்று மேலேதான் கொஞ்சம் ஈரம் கூடுமே ஒழிய, ஒரு முழ உயரத்தில் தொங்கும் கொடிக்கு ஒன்றும் எட்டாது. நம் ஊரில் இந்தத் தட்டு, டெங்கு கொசுவுக்கு நாம் கட்டிக்கொடுக்கும் பிரசவ அறை!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த தண்ணீரைத்தான் தேடும். ஒரு பாட்டில் மூடித் தண்ணீர் இருந்தாலும் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்தான். கூழாங்கல்லுக்கு இடையில் புழு நெளிவது நம் கண்ணுக்கும் தெரியாது. தண்ணீரைக் கொட்டிவிட்டேன், முடிந்தது என்றும் இருக்க முடியாது. இந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் ஓரச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கடிப்பதோ பகலில். நம் குழந்தைகள் தூளியில் தூங்குகிற அதே நேரம்!

ஆகவே கூழாங்கல்லை எடுத்துவிட்டு, தட்டில் ஆற்று மணலை விளிம்பு வரை நிரப்புங்கள். மணல் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. ஈரம் மெள்ள ஆவியாகும்; கொசு முட்டையிட நின்ற தண்ணீர் கிடைக்காது. மணல் போடாத தட்டுகளை, மணிபிளான்ட் பாட்டில்களை, ஏ.சி. வாளியை வாரம் ஒரு நாள் தேங்காய் நாரால் உள்பக்கம் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே அலம்பினால் முட்டை போகாது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி இதையும் ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஈரக் காற்று நிஜமாகவே தேவைப்படும் சமயம்

வேர் அழுகிய செடியைக் காப்பாற்ற இதோ வழி. நல்ல கொடியாகப் பார்த்து, இரண்டு மூன்று கணு வரும்படி வெட்டுங்கள். பால் வடிவது நிற்கட்டும். அடிக் கணுவின் இலையைக் கிள்ளிவிட்டு, ஈரமான தேங்காய் நார்த் தூளில் அந்தக் கணுவைப் புதையுங்கள். தொட்டியோடு சேர்த்து ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இப்போது கொடிக்கு வேரில்லை. இலை தண்ணீரை இழக்காமல் இருப்பதற்குப் பைக்குள்ளே இருக்கும் ஈரக் காற்றுதான் ஆதாரம். இரண்டு நாளுக்கு ஒருமுறை பையைத் திறந்து சிறிது காற்று விடுங்கள். சில வாரங்களில் வேர் பிடித்துப் புதுத் தளிர் வரும். பிறகு பையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். அறை முழுவதையும் நனைக்காமல் செடிக்கு மட்டும் ஈரம் கொடுப்பது என்றேனே, அது இதுதான்.

நடும்போது வெறும் செம்மண் வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைத்த செங்கல், கொஞ்சம் மக்கிய உரம் கலந்து, அடியில் ஓட்டை உள்ள சின்ன மண்தொட்டியில் நடுங்கள். தொட்டி பெரிதானால் மண் ஈரம் காயாது, மறுபடி அழுகல்தான். வேர் நெருக்கமாக இருந்தால் இந்தக் கொடி நன்றாகவே பூக்கும்.

ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம்

*கடலோர ஊர்கள்:* ஈரம் சேர்க்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் விரல் விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மாதங்களில் குழந்தைத் துணிகளைப் படுக்கையறைக் கயிற்றில் உலர்த்துவதைக் கூடியவரை தவிருங்கள். ஒரு பக்கெட் துணியிலிருந்து லிட்டர் கணக்கில் ஈரம் அறைக்குள் இறங்கும். வேறு வழியில்லை என்றால் ஜன்னலைத் திறந்து, மின்விசிறி போட்டு, குழந்தை தூங்காத அறையில் உலர்த்துங்கள்.

*மதுரை, திருச்சி, சேலம், கோவை:* பங்குனி, சித்திரையில் மத்தியானக் காற்று நன்றாகக் காயும். ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டி நனைத்துவிடுங்கள். அறைக்கும் குளிர்ச்சி, கொடிக்கும் ஈரம், வாசனையும் உபரி! தொட்டிக்கு வாரம் இரண்டு தடவை நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். காய்ந்த காற்றில் சிலந்திப் பேன் வரும். இலையின் அடியைத் திருப்பிப் பார்த்து, ஈரத் துணியால் துடையுங்கள்.

*டில்லி வாசகியருக்கு:* மே மாத அனல் காற்றில் ஏர் கூலர் இருக்கும் அறையே ஹோயாவுக்கு உகந்தது. கூலர் காற்றோடு ஈரத்தையும் சேர்த்து அனுப்பும். ஆனால் கூலர் தொட்டியும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். வாரம் ஒருமுறை காலி செய்து, தேய்த்து, உலரவிட்டு நிரப்புங்கள். குளிர்காலத்தில் அறை ஹீட்டருக்குப் பக்கத்தில் கொடியை வைக்காதீர்கள்.

புகை விடும் கருவியைத் தூக்கி எறியச் சொல்கிறேனா? இல்லை. மீட்டர் 40க்குக் கீழே காட்டும் அறையில், பகலில் ஒரு மணி நேரம் போடலாம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைத் தூளாக அறையெங்கும் படியும். வடிகட்டிய உப்பில்லாத் தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் தண்ணீரை மாற்றி, தொட்டியைக் கழுவாவிட்டால் கிருமியையும் சேர்த்துக் கக்கும். வெந்நீர் ஆவி விடும் வகையைத் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் வைக்கவே கூடாது. கொதிநீர் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுவரில் ஏற்கெனவே பூஞ்சணம் வந்துவிட்டவர்கள், குழந்தையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். தொட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஈரம் நின்ற பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், சுவருக்குள் குழாய் கசிகிறதா என்று ஆளை அழைத்துப் பாருங்கள்.

பூக்கக் காத்திருக்கிறீர்களா?

பதியன் கொடி பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். இலையே இல்லாமல் நீளமாக ஒரு கொடி ஓடினால், 'வீண்' என்று வெட்டிவிடாதீர்கள். இலையும் பூவும் பிறகு அதில்தான் வரும். மொட்டு கட்டிய பிறகு தொட்டியை இடம் மாற்ற வேண்டாம், வேரை அடியோடு காய விடவும் வேண்டாம்; மொட்டு உதிர்ந்துவிடும். பூ வாடி விழுந்த பின் மிஞ்சும் குட்டைக் காம்பை மட்டும் கிள்ளவே கிள்ளாதீர்கள். அடுத்த தடவையும் அதே காம்பின் நுனியில்தான் கொத்துக் கட்டும். மல்லிகையைக் கிள்ளுவது போலத் தலையில் வைக்க இதைப் பறித்தால், அடுத்த பூவையும் சேர்த்துப் பறித்ததாகிவிடும்.

உங்கள் வீட்டு மீட்டர் காலை எட்டு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் என்ன காட்டுகிறது என்று ஒரு வாரம் காலண்டரிலேயே குறித்துப் பாருங்கள். எந்த அறை கொடிக்கு, எந்த அறை குழந்தைக்கு என்பது தானாகவே விளங்கிவிடும். அந்தக் குறிப்போடு எழுதினால் இன்னும் சரியான யோசனை சொல்ல எனக்கும் சௌகரியம்.

அடுத்த இதழில், தொட்டியில் கறிவேப்பிலை ஏன் வளர மறுக்கிறது என்று பார்ப்போம்.